நட்பைக் கேட்டவர்

1910-ம் ஆண்டு ஜூன் மாதம் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மகாநாடு கூடிற்று. புராட்டஸ்டண்டு சங்கங்களின் பிரதிநிதிகள் சுமார் 1,200 பேர். ஆசியாக்காரர்களோ மிகச் சிலர். அந்தச் சிலரில் ஒருவர், திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா. உடைமையையும் உயிரையும் தந்த நீங்கள் எங்களுக்கு நட்பையும் தரவேண்டும் என்று அவர் கேட்டார். சபையில் சிலருக்கு அது கசந்தது.

1912-ல் அவர் தோர்ணக்கல் பிஷப் ஆனார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் அவரே. சீமையில் மூண்ட சபைச் சண்டைகளை நம்மவர் ஏன் சுமக்கவேண்டும்? 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடி இதைத்தான் கேட்டார்கள். அவர்களில் இருவர் தவிர எல்லோரும் இந்தியர், அசரியாவும் இருந்தார்.

பேச்சு 28 வருஷம் நீண்டது. பிஷப் கைவைத்து அபிஷேகம் செய்யாதவர் குருவாவாரா என்பதே பெரிய முடிச்சு. முடிவில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் சேர்ந்து, 1947 செப்டம்பர் 27-ல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபையை அமைத்தார்கள்.

அசரியா அங்கே இல்லை. 1945 ஜனவரி முதல் தேதியே அவர் காலமாகிவிட்டார்.