நிரப்பு மண்டலம்

ரத்தத்தில் செயலற்ற நிலையில் சுற்றிவரும் முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்களின் தொகுதி. 'நிறைவு செய்வது' எனப் பொருள்படும் லத்தீன் சொல்லான 'காம்ப்ளிமென்டம்' பெயரின் வேர். சூடாக்கினால் கெட்டுவிடும் இக்கூறு இன்றி எதிர்ப்பொருளால் மட்டும் பாக்டீரியாவைச் சிதைக்க முடியாது என்பதை ஜூல் போர்டே 1890களில் காட்டினார். எதிர்ப்பொருளின் வேலையை நிறைவு செய்வதால் பால் எர்லிக் இப்பெயரிட்டார். இன்று அந்தப் பெயர் போதாது: எதிர்ப்பொருள் இல்லாமலும் இது தூண்டப்படும். மையப் புரதமான சி3 பிளவுபட்டதும் ஒரு துண்டு கிருமிமேல் ஒட்டி, விழுங்கு செல்களுக்கு அடையாளம் காட்டும்; மற்றொன்று அழற்சியைத் தூண்டும். கடைசியில் சேரும் புரதங்கள் கிருமியின் சவ்வில் துளையிடும். பெரம்பலூர், அரியலூர் வயல்களில் திரியும் நல்லபாம்பின் நஞ்சில் சி3-ஐ ஒத்த புரதம் ஒன்று உண்டு; அது கட்டுக்கடங்காத தூண்டலால் ரத்தத்திலுள்ள நிரப்புப் புரதங்களைச் செலவழித்துவிடும்.