பெட்டியில யார் பேர்?

கம்ப்யூட்டர் கேசிங்கை வெட்டி, பெயின்ட் அடிச்சு, உள்ளே லைட் போடுற கலைக்கு 'மோடிங்' என்று சொல்வார்கள். அதன் வரலாற்றைத் தேடினால் எல்லா இடத்திலும் ஒரே கதைதான். 1981இல் ஐபிஎம் பிசி வந்தது. அதைப் பார்த்து மற்றக் கம்பனிகளும் அதே அழுக்கு வெள்ளைப் பெட்டிகளைச் செய்தன. 1998 ஆகஸ்டில் ஆப்பிளின் ஐமேக் நீலநிறத்தில், உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி வந்தது. அதே காலத்தில் வெளிநாட்டுப் பொடியன்கள் கேசிங்கின் பக்கத் தகட்டை வெட்டி அக்ரிலிக் ஒட்டி, உள்ளே கோல்ட் கேதோட் குழாய் மாட்டினார்கள். 1993இல் ஜப்பானின் நிச்சியா கம்பனியில் ஷுஜி நகமுரா பிரகாசமான நீல எல்இடியைச் செய்து காட்டியிருந்தார். 2014இல் இன்னும் இருவரோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு. அந்த நீலம் இல்லாமல் இன்றைய ஆர்ஜிபியும் இல்லை.

கதை சரிதான். ஆனா பதுளை மலையிலிருந்து பார்த்தால் எனக்கு ஆரம்பம் வேற ஒரு இடத்தில் தெரியுது: தேயிலை ஸ்டோரில்.

தேயிலைப் பெட்டியைப் பார்க்காத பிள்ளைகள் இப்ப நிறையப் பேர். காகிதச் சாக்கு வந்ததோடு அது போயிட்டுது. மெல்லிய ப்ளைவுட் பலகை, ஓரமெல்லாம் தகரப் பட்டி, உள்ளே முதலில் ஈயத்தாள், பிறகு அலுமினியத்தாள். தூளை நிரப்பி மூடினதும் கடைசி வேலை பெயின்ட். எழுத்து வெட்டிய தகட்டைப் பலகையில் அமர்த்தி, கறுப்பு மையைத் தொட்டுத் தொட்டு பிரஷ்ஷால் குத்துவார்கள். மை தண்ணியா இருந்தால் தகட்டுக்கு அடியில் கசிந்து எழுத்து ஊதிப்போகும். ஸ்டென்சில் வைத்து கேசிங்கில் ஸ்பிரே அடித்த யாரிடமும் கேட்டுப் பாருங்க, அதே தொல்லையைத்தான் சொல்வார்கள்.

பெட்டியில் என்ன எழுதினார்கள்? தோட்டத்தின் பேர், தூளின் தரம், இலக்கம், நிறை. 1894இல் பண்டாரவளைக்கும் 1924இல் பதுளைக்கும் ரயில் வந்தது. அந்தப் பாதையில் இறங்கிக் கொழும்புக்கும், கப்பலேறி லண்டன் ஏலத்துக்கும் போன பெட்டிகளில் இருந்தது தொரைமார் பாவித்த தோட்டப் பேர். நம்ம சனம் அதே தோட்டங்களுக்கு வைத்திருந்த தமிழ்ப் பேர்கள் பெட்டியில் ஏறவில்லை. கொழுந்து பறித்தவளுக்கும் 'பேர்' இருந்தது, செக்ரோலில். தோட்டத்துப் பேச்சில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். நிறை குறைந்தால் அரைப் பேர். ஒரு மனுஷியின் பேரைப் பாதியாக்கலாம் என்று கண்டுபிடித்த நிர்வாகம் அது!

வெளிச்சமும் முதலில் ஸ்டோருக்குத்தான் வந்தது. மலை ஓடைத் தண்ணியை இறக்கி டர்பைன் சுற்றி மெஷின் ஓட்டிய ஸ்டோர்கள் இருந்தன. லயத்தில் குப்பி லாம்பு. பல லயங்களுக்குக் கரண்ட் வந்ததே 1980, 90களுக்குப் பிறகு. அதனால் நம்மாட்கள் அலங்கார வெளிச்சத்தை வேடிக்கை பார்த்தது வெளியில்தான்: கோயில் திருவிழாச் சப்பரத்திலும், டவுனுக்கு இறங்கிப்போய்ப் பார்த்த வெசாக் தோரணத்திலும். தோரணத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்கு அந்த உருளை தெரியும். மரத்தில் செய்தது, மேலே செப்புத் தகடுகள் பதித்தது. அது சுற்றச் சுற்ற ஒவ்வொரு வரிசை பல்பும் தொடுப்புக் கிடைத்து எரியும், அணையும், ஓடும். இன்றைய ஆர்ஜிபி கன்ட்ரோலர் சிப்பில் செய்கிற வேலையை அந்த உருளை மரத்தில் செய்தது. நான் பார்த்ததில் கன்ட்ரோலரை விட உருளைதான் அழகு.

அடுத்தது ஆட்டோ. இங்கேதான் கம்ப்யூட்டருக்கு நேர்வழி திறக்குது. ஆட்டோ பெற்றரி 12 வோல்ட். கம்ப்யூட்டர் பவர் சப்ளையின் மஞ்சள் வயரும் 12 வோல்ட். ஆட்டோவுக்கு வாங்கிய எல்இடி பட்டியில் மிஞ்சியதை மூன்று எல்இடிக்கு ஒன்றாக இருக்கும் கோட்டில் வெட்டி, மஞ்சளுக்கும் கறுப்புக்கும் கொடுத்தால் கேசிங் எரியும். பெயின்டும் அப்படித்தான். டிங்கரிங் கடையில் ஆட்டோவுக்குக் கலந்ததில் மிஞ்சியது கேசிங்குக்குப் போதும். தகட்டைத் தேய்த்து பிரைமர் அடிக்காமல் விட்டால் மட்டும் உரிந்து வரும். அதோடு மழை, மூடுபனி நாளில் லேக்கர் அடித்தால் பால் மாதிரி வெளுத்துப்போகும். ஊவாவில் நல்ல தூள் வருகிற ஜூலை, ஆகஸ்ட் கச்சான் காலம்தான் பெயின்டுக்கும் நல்ல காலம்.

ஏன் கேசிங்? இத்தனை உழைப்பை வீட்டுச் சுவரில் போடலாமே என்று ஒருத்தர் கேட்டார். சுவர் யாருடையது? 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுக்குப் போயின, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. எந்தக் கைமாற்றத்திலும் லயத்துக் காம்பிரா அதில் இருக்கிறவர் பேருக்கு வரவில்லை. வந்து 200 வருஷம் என்று 2023இல் நினைவுகூர்ந்தோம், காணி உறுதி இல்லாத குடும்பங்களாகவே பெரும்பாலும். வாசலில் ஒரு தகரம் இறக்கவும் தோட்டத்தில் கேட்கணும். காசு கட்டி வாங்கின கம்ப்யூட்டருக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அது புதுசாகவும் இருக்காது. ஏதோ ஆபீசில் பாவிச்சு ஒதுக்கின மெஷின், முன்பக்கம் அந்த ஆபீசின் சொத்து இலக்க ஸ்டிக்கரோடு வரும். பொடியன்கள் முதலில் செய்வது அதை மண்ணெண்ணெய் தொட்டு உரிப்பது. பிறகு வெட்டுறது, தேய்க்கிறது, பிரைமர். கடைசியில் ஸ்டென்சில்: தன் பேர், இல்லாவிட்டால் தோட்டத்தின் பேர், தமிழில்.

இப்ப கண்ணாடிப் பக்கமும் ஆர்ஜிபி ஃபேனும் சேர்ந்த கேசிங் கடையிலேயே கிடைக்குது. வாங்குங்க, தப்பில்லை. ஆனா புது ஏஆர்ஜிபி 5 வோல்ட், மூன்று பின். பழைய பழக்கத்தில் அதை மஞ்சள் வயரில் கொடுத்தால் ஒரே நொடியில் கருகிடும்.