மேளம் கட்டுதல்

மேளம் கட்டுதல்: தஞ்சாவூர் வீணையில் மெழுகுப் படுகை அமைத்து மெட்டுகளைச் சுருதிக்குப் பொருத்தும் இறுதிக்கட்டப் பணி. பலா மரத்தாலான குடம், தண்டி, யாளிமுகம் ஆகியவற்றைக் கடைந்து, இணைத்து, மெருகேற்றியபின் இது தொடங்கும்.

தேன்மெழுகுடன் கரித்தூள் சேர்த்துக் காய்ச்சிய கருநிறக் கலவை, தண்டியின் நீளவாக்கில் இரு வரம்புகளாக வார்க்கப்படும். அவற்றின்மேல் ஒரு ஸ்தாயிக்கு 12 வீதம் 24 உலோக மெட்டுகள் குறுக்கே பதிக்கப்படும். தந்தியை மீட்டிக் கேட்டபடியே கைவினைஞர் ஒவ்வொரு மெட்டையும் இம்மியளவு நகர்த்தி நிலைநிறுத்துவார். அளவுகோலைவிடச் செவியே இங்கு முதன்மை. வாசிப்புத் தந்திகள் நான்கு, தாளத் தந்திகள் மூன்று.

மின்கிதாரில் மெட்டுகள் மரத்தில் வெட்டிய பள்ளங்களில் இறுக்கப்படுவதால் இடம் மாறுவதில்லை. வீணையின் மெழுகோ வெப்பத்தில் இளகும்; நாளடைவில் மெட்டுகள் பிசகும். எனவே மேளத்தை அவ்வப்போது புதிதாகக் கட்ட வேண்டும். தேர்ந்த கை படாத வீணை, மரம் எவ்வளவு உயர்ந்ததாயினும், சுருதி சேராது.

24 மெட்டு அமைப்பு 17ஆம் நூற்றாண்டின் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கர் காலத்தோடு தொடர்புபடுத்தப்படுகிறது. தஞ்சாவூர் வீணை 2013இல் புவிசார் குறியீடு பெற்றது.