ஏர் பிடித்த கையும் செங்கோலும்: வன்னி உழவரின் கூத்தாற்றல்

நடிப்பாற்றல் தொழில்முறைக் கலைஞர்க்கே உரியதென்னும் கருத்து, வன்னிப் பெருநிலத்தின் கூத்து வரலாற்றை நோக்குமிடத்து வலுவிழந்து போகின்றது. 1978ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட முல்லைத்தீவு மாவட்டத்தின் மேற்குப் புறத்தே அமைந்த துணுக்காய், குளங்களையும் வயல்களையும் நம்பி வாழும் வேளாண் புலமாகும். இத்தகைய வன்னிப் புலங்களிலே பகலில் ஏர் பிடித்த கையே இரவில் செங்கோல் ஏந்திற்று. எழுத்தறிவு குறைந்தோரும் விடியும்வரை பாடி ஆடும் வன்மையை எங்ஙனம் பெற்றனர் என்பது ஆராயத்தக்கது.

அவ்வன்மையின் வேர் வயலிலேயே உள்ளது. அரிவு வெட்டும்போது ஒருவர் பாட ஏனையோர் வாங்கிப் பாடினர். பயிரை அழிக்கும் பன்றியையும் குருவியையும் பொருளாகக் கொண்டு பன்றிப்பள்ளும் குருவிப்பள்ளும் எழுந்தன. ஓங்கிய குரல், நினைவாற்றல், பிறர் குரலோடு இசையும் பழக்கம் ஆகிய மூன்றும் கூத்துக் களரியை அடையுமுன்னரே உழவர்க்குக் கைவந்திருந்தன எனலாம்.

கதைகளும் அவர்க்குப் புதியன அல்ல. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலோடு வளர்ந்த கண்ணகி வழிபாடு கோவலன் கூத்துக்கு உயிரூட்டியது. மாரியம்மன் வழிபாட்டோடு இணைந்த காத்தவராயன் கூத்தோ யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் ஒருங்கே வேரூன்றியது. அதனை ஆடுவித்தல் நேர்த்திக்கடனாகவும் கருதப்பட்டது.

காத்தவராயன் கூத்தின் அமைப்பு ஈண்டு சிறப்பாக நோக்கற்பாலது. கதைத்தலைவன் பாத்திரத்தை ஒருவரே இரவு முழுவதும் தாங்குவதில்லை. பாலப் பருவம் முதல் கழுமரம் ஏறும் கட்டம் வரை ஒருவர்பின் ஒருவராகப் பலர் ஏற்பர். ஆட்டமும் சிக்கலான தாளக்கட்டுகளை வேண்டாது எளிய நடையில் அமையும். ஆகவே, அரிய திறன் படைத்த ஒருவரை நம்பியிராது, இயன்ற திறன் படைத்த பலரை ஒன்றுசேர்க்கும் வடிவமாக அது விளங்கிற்று. அண்ணாவியார் ஒவ்வொருவரின் குரலையும் உடல்வாகையும் அறிந்து வேடம் பகிர்ந்தார். பெண் வேடங்களையும் ஆடவரே ஏற்றனர். பாட்டு முழுவதையும் அறிந்திருந்த பார்வையாளரோ பிழை பொறாத நடுவராயினர்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962இல் 'கர்ணன் போர்' என்னும் கூத்தை மேடையேற்றினார். விடிய விடிய ஆடப்பட்ட மட்டக்களப்புக் கூத்து அங்கே சுருங்கிய வடிவம் பெற்றது. கற்றோரிடையே கூத்துக்கு மதிப்பேற்படுத்திய அம்முயற்சி போற்றுதற்குரியது. எனினும், செம்மை ஒன்றே அளவுகோலாயின் ஊர்க்கூத்தின் பயன் முழுமையாகப் புலப்படாது. குரல் தளர்ந்தவனுக்கும் ஓர் இடம் அளிப்பது ஊர்க்களரி. அவன் அடி தவறுமிடத்துப் பிற்பாட்டுக்காரர் எடுத்துக் கொடுப்பர். அத்துணையும் கூத்துத் திறனின் ஒரு கூறேயாகும்.

இவ்வுண்மையின் கனத்தைப் போர் உணர்த்திற்று. 2008ஆம் ஆண்டில் துணுக்காய் மக்கள் இடம்பெயர்ந்தனர். மீள்குடியேற்றம் 2009இன் பிற்பகுதியில் தொடங்கியது. கூத்துப் பனுவலை அச்சேற்றிக் காக்கலாம். ஆனால் யார் எவ்விடத்தில் மூச்சு வாங்குவார், எவருடைய குரல் அவ்விடத்தை நிரப்பும் என்னும் அறிவு ஏட்டில் இல்லை. கூடி வாழ்ந்தோரிடமே இருந்தது. அவர் சிதறுண்டபோது அதுவும் சிதறுண்டது. ஆதலின், கூத்தைக் காத்தல் என்பது பாடலைத் திரட்டுவதோடு நிறைவுறுவதன்று. அறுவடை முடிந்த ஊரார் மீண்டும் ஒரு களரியிற் கூடுவதற்கு வேண்டிய அமைதியையும் ஓய்வையும் காப்பதாகும்.