ஏழு பேர் போனார்கள்... எட்டாவது ஆள் எப்படி வந்தார்? ரஷ்ய பாலேவின் கதை

நீண்ட இழை மக்களே. பாலேன்னா என்னன்னே தெரியாதவங்களும் தாராளமா படிக்கலாம்.

நான் நடனக் கலைஞன் இல்லை. அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் எம்பிபிஎஸ் டாக்டர். பல வருஷமா ரஷ்ய பாலே ரசிகன். அவ்வளவுதான் என் தகுதி.

முதல்ல ஒரு பட்டியல் தர்றேன்.

நிஜின்ஸ்கி. 1911இல் மாரின்ஸ்கி தியேட்டரை விட்டு வெளியேறினார்.
அன்னா பாவ்லோவா. 1914க்குப் பிறகு ரஷ்யாவுக்குத் திரும்பவே இல்லை.
பாலன்சின். 1924இல் போனார். பிறகு அமெரிக்க பாலேவையே கட்டி எழுப்பினார்.
நூரியெவ். 1961, பாரிஸ் விமான நிலையத்தில் தஞ்சம் கேட்டார்.
மகரோவா. 1970, லண்டனில்.
பரிஷ்னிகோவ். 1974, டொரண்டோவில்.
ஓல்கா ஸ்மிர்னோவா. 2022, உக்ரைன் போரை எதிர்த்து பொல்ஷோயை விட்டு நெதர்லாந்து போனார்.

இந்த ஏழு பேருக்கும் பொதுவான ஒரு விஷயம் இருக்கு. ஏழு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்!

ஒரு டீமோட ஓப்பனிங் பேட்ஸ்மேன்களை எல்லாம் நூறு வருஷமா வரிசையா இழந்துகிட்டே இருந்தா அந்த டீம் என்ன ஆகும்? காணாமப் போயிருக்கணும்ல?

ஆனா போகலை. ஒவ்வொரு தடவையும் எட்டாவது ஆள் வந்துகிட்டே இருக்கார். எப்படி?

இதற்கான பதில் ஒரு டீச்சர். பெயர் அக்ரிப்பினா வகானோவா.

பின்னணி முதல்ல. 1738இல் பேரரசி அன்னா காலத்தில், ழான் பாப்டிஸ்ட் லாந்தே என்ற பிரெஞ்சு நடன ஆசிரியர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு பள்ளி தொடங்கினார். முதல் பேட்ச் 24 பிள்ளைகள். 12 பையன், 12 பொண்ணு. அரண்மனை வேலைக்காரர்களின் குழந்தைகள்.

ஆமாங்க, ராஜ வம்சத்துப் பிள்ளைகள் இல்லை. வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள்.

1836 முதல் அந்தப் பள்ளி இருப்பது ரோஸ்ஸி தெருவில். தெரு நீளம் 220 மீட்டர், அகலம் 22 மீட்டர், கட்டிட உயரமும் 22 மீட்டர். தெருவுக்கே ஒரு தாளக்கட்டு!

இந்தப் பள்ளியில் 1890களில் இரண்டு பெண்கள் படித்தார்கள்.

ஒருத்தர் அன்னா பாவ்லோவா. அம்மா துணி துவைத்துப் பிழைத்தவர். இன்னொருத்தர் வகானோவா. அப்பா மாரின்ஸ்கி தியேட்டரில் பார்வையாளர்களை இருக்கையில் உட்கார வைக்கும் ஊழியர்.

பாவ்லோவா 1899இல் படிப்பை முடித்தார். சீக்கிரமே உச்சிக்குப் போய்விட்டார்.

வகானோவா அவருக்கு இரண்டு வருஷம் சீனியர், 1897 பேட்ச். கூட்டத்தில் ஒருவராக ஆடினார். அன்றைய பாலே உலகின் சக்கரவர்த்தி மாரியஸ் பெட்டிபா. அவர் தன் நாட்குறிப்பில் வகானோவாவைப் பற்றி நல்லவிதமாக எழுதவில்லை. ரொம்ப அழகான உடல்வாகும் இல்லை என்றார்கள்.

தனி ஆட்டங்களில் அவர் காட்டிய துல்லியத்தைப் பார்த்து "வேரியேஷன்களின் ராணி" என்று பட்டம் கொடுத்தார்கள். ஆனா பதவி உயர்வு? பாலெரினா என்ற உச்சப் பதவி 1915இல்தான் கிடைத்தது. வேலைக்குச் சேர்ந்து 18 வருஷம் கழிச்சு!

அடுத்த வருஷமே, 1916இல், ஓய்வு.

கதை இங்கே முடிஞ்சிருக்கணும். ஆனா இங்கேதான் ஆரம்பிக்குது.

அந்த 18 வருஷத்தில் அவர் ஒரு வேலை செய்தார். அடுத்தவர்கள் எப்படி ஆடுகிறார்கள் என்று உட்கார்ந்து கவனித்தார்.

அப்போது இத்தாலியிலிருந்து வந்த ஆட்டக்காரிகள் ரஷ்யர்களை வாயடைக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். பியெரினா லெஞ்ஞானி 1895இல் ஸ்வான் லேக் ஆடியபோது ஒற்றைக் கால் நுனியில் 32 சுற்று சுற்றினார். ஃபுவெட்டே என்று பெயர்.

நாம சுத்தினா தலை கிறுகிறுக்கும். உள்காதில் இருக்கும் அரைவட்டக் குழாய்களுக்குள் உள்ள திரவமும் கூடச் சுழல்வதுதான் காரணம். ஆட்டக்காரர்கள் கண்ணை ஒரே புள்ளியில் வைத்திருப்பார்கள். உடம்பு திரும்பும். கடைசி நொடியில் தலையைச் சட்டென்று திருப்பி அதே புள்ளியைப் பிடிப்பார்கள். இதனால் கிறுகிறுப்பு பெருமளவு குறையும். ஸ்பாட்டிங் என்பார்கள். சும்மா இல்லை, அதுக்குள்ள ஒரு உடலியல் இருக்கு.

இத்தாலியர்களிடம் பலம் இருந்தது, நளினம் குறைவு. பிரெஞ்சு வழியில் நளினம் இருந்தது, பலம் குறைவு. இரண்டையும் ஒரே உடம்பில் கொண்டு வர முடியுமா? வகானோவா மண்டைக்குள் ஓடிய கேள்வி இதுதான்.

1917இல் புரட்சி. ஜார் ஆட்சி போச்சு. "பாலே அரண்மனைக் கலைதானே, இது எதுக்கு நமக்கு?" என்ற குரல்கள் எழுந்தன. லெனினே பொல்ஷோய் தியேட்டரை மூடிவிடலாம் என்ற எண்ணத்தில் இருந்தார். கல்வி அமைச்சர் லுனாசார்ஸ்கி போராடிக் காப்பாற்றினார்.

ஊரில் பஞ்சம், குளிர். பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வெளிநாடு போய்விட்டார்கள்.

வகானோவா போகவில்லை. 1921இல் தான் படித்த அதே பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார்.

நாலே வருஷம். 1925இல் மரினா செம்யோனோவா வெளியே வந்தார். 1928இல் கலினா உலனோவா. 1931இல் நடாலியா டூடின்ஸ்கயா. சோவியத் பாலேவின் மூன்று தூண்கள் ஒரே டீச்சரின் வகுப்பிலிருந்து!

அப்படி என்ன சொல்லிக் கொடுத்தார்?

என் பாணியில் சொல்றேன். கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று தனித்தனியாக ஆடக் கூடாது. ஒரு அசைவு என்றால் முதுகு, தோள், கழுத்து, கண் எல்லாம் சேர்ந்து அதில் இருக்க வேண்டும். கை அழகுக்காக மட்டும் இல்லை, குதிக்கவும் சுற்றவும் உடம்புக்கு உதவ வேண்டும். முக்கியமான விஷயம், மாணவி சும்மா காப்பி அடிக்கக் கூடாது. இந்த அசைவு ஏன் சரியா வரலை, எந்த இடத்தில் தப்பு என்று அவளுக்கே விளக்கத் தெரிய வேண்டும்.

இதையெல்லாம் 1934இல் புத்தகமாகப் போட்டார். எந்த வயதில் எது, எதற்குப் பிறகு எது என்று படிப்படியான பாடத்திட்டம்.

மருத்துவத்தில் நாங்களும் இப்படித்தான் வளர்கிறோம். ஒரு சர்ஜனின் கை ராசியால் பத்து பேர் பிழைப்பார்கள். அந்த சர்ஜன் ரிட்டயர் ஆனால் அதுவும் போச்சு. அதையே முறையா எழுதி வச்சு அடுத்த பேட்ச்சுக்குக் கத்துக் கொடுத்தா ஆயிரம் பேர் பிழைப்பார்கள். திறமை ஒருத்தரோட போயிடும். முறை போகாது.

அதே நேரத்தில் பாவ்லோவா என்ன செய்தார்? உலகம் முழுக்கச் சுற்றினார். கோடிக்கணக்கான பேருக்கு பாலே என்றாலே பாவ்லோவாதான்.

நமக்கும் அவருக்கும் ஒரு கொடுப்பினை உண்டு. 1920களின் கடைசியில் ருக்மிணி தேவி அருண்டேல் பாவ்லோவாவைச் சந்தித்தார். அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நார்டியிடம் பாலே கற்றார். உங்கள் மண்ணின் கலையைத் தேடிப் போங்கள் என்று வழி காட்டியவர் பாவ்லோவா. அந்தத் தேடல் 1936இல் கலாக்ஷேத்ராவில் வந்து நின்றது.

பாவ்லோவா 1931 ஜனவரியில் ஹேக் நகரில் இறந்தார். நுரையீரல் தொற்று. 50 வயதுகூட நிரம்பவில்லை. பெனிசிலின் 1928இல் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது, ஆனால் நோயாளிகள் கைக்கு வர இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. ஒரு டாக்டரா இதைப் படிக்கும்போதெல்லாம் மனசு கனத்துப் போகும்.

பாவ்லோவா வெளிச்சம் மாதிரி. பார்த்தவர்கள் மறக்கவில்லை. ஆனால் அவரைப் போல் இன்னொருவரை உருவாக்கும் முறை அவரிடம் இல்லை. அது அந்த சீனியரிடம் இருந்தது.

அடுத்த சோதனை 1941. ஜெர்மானியப் படை லெனின்கிராடை முற்றுகையிட்டது. 872 நாள். பசியால் மட்டும் லட்சக்கணக்கான பேர் செத்தார்கள். தியேட்டரும் பள்ளியும் உரால் மலைப் பக்கம் இருக்கும் பெர்ம் பகுதிக்கு மாற்றப்பட்டன. வகானோவாவும் போனார்.

போர் முடிந்து எல்லோரும் ஊர் திரும்பினார்கள். ஆனால் பெர்ம் ஊரில் 1945இல் ஒரு பாலே பள்ளி முளைத்துவிட்டது! 1973இல் மாஸ்கோ சர்வதேசப் போட்டியில் கிராண்ட் பிரீ வாங்கிய பதின்ம வயதுப் பெண் நடேஷ்டா பாவ்லோவா அந்தப் பள்ளிப் பிள்ளைதான். அகதியாப் போன இடத்துல விதை போட்டுட்டு வந்திருக்காங்க.

வகானோவா 1951இல் இறந்தார். 1957இல் பள்ளிக்கு அவர் பெயர் வைத்தார்கள்.

சரி, அவர் போன பிறகு?

டூடின்ஸ்கயா ஞாபகம் இருக்கா, 1931 பேட்ச்? அவரும் ஆசிரியர் ஆனார். அவரிடம் படித்து 1991இல் வெளிவந்தவர் உல்யானா லொபாத்கினா. வகானோவாவுக்கும் லொபாத்கினாவுக்கும் இடையில் ஒரே ஒரு ஆள்! அறுபது வருஷ தூரம்.

செம்யோனோவா 101 வயது வரை வாழ்ந்தார். தொண்ணூறு வயதைத் தாண்டியும் பொல்ஷோயில் சொல்லிக் கொடுத்தார். அவரிடம் பயின்றவர் நிகோலாய் சிஸ்கரித்சே. 2013 முதல் வகானோவா அகாடமியை நடத்துபவர் அவர்தான். சுத்திச் சுத்தி அதே வீட்டுக்கு வந்துடுச்சு பாருங்க.

இப்போது இளையவர்களுக்கு வருவோம். இன்ஸ்டாகிராமில் இருப்பவர்களுக்கு மரியா கோரேவாவைத் தெரிந்திருக்கும். 2000இல் பிறந்தவர். 2018இல் படிப்பை முடித்து மாரின்ஸ்கியில் சேர்ந்தார். அதே வருஷத்தில் முதல்நிலை சோலோயிஸ்ட். அதற்கு இந்தப் பிள்ளைக்குச் சில மாதங்கள்தான் ஆச்சு!

கோரேவாவின் ஆசிரியர் லுட்மிலா கொவலேவா. டயானா விஷ்னேவாவுக்கும் அவர்தான் டீச்சர். 2022இல் போரை எதிர்த்து வெளியேறிய ஸ்மிர்னோவாவுக்கும் அவர்தான் டீச்சர்.

ஒருத்தர் போறார். ஒருத்தர் வர்றார். ரெண்டு பேரையும் வளர்த்தது ஒரே கை.

ரசிகனா இதைச் சொல்லும்போது ஒரு நெருடலும் இருக்கு. 2022இல் பொல்ஷோயின் லண்டன் நிகழ்ச்சிகள் ரத்தாயின. இன்று ஆடும் இளையவர்கள் பலரின் ஆட்டத்தை மேற்கு நாட்டு மேடைகளில் பார்ப்பது அரிதாகிவிட்டது. அந்தக் கலையை ரசிப்பது வேறு, அந்த நாட்டு அரசின் போரை ஏற்பது வேறு. ஸ்மிர்னோவா போன்றவர்கள் அந்த வேறுபாட்டைத் தன் வேலையையே விலையாகக் கொடுத்துக் காட்டினார்கள்.

இன்னொரு நெருடல், இது டாக்டரா.

இந்தப் பள்ளியில் சேர்க்கை பத்து வயதில். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வருவார்கள், சில டஜன் பேரை மட்டும் எடுப்பார்கள். இடுப்பு மூட்டு எவ்வளவு வெளிப்பக்கம் திரும்புகிறது, பாத வளைவு எப்படி, முதுகு எப்படி என்று சோதிப்பார்கள். இடுப்பு எலும்பின் அமைப்பு பெரும்பாலும் பிறவியிலேயே அமைவது. இல்லாத திருப்பத்தை முழங்காலை முறுக்கி வரவழைத்தால் முழங்காலும் கணுக்காலும் அடிவாங்கும்.

அடுத்தது எடை. உடற்பயிற்சிக்கு ஏற்ற சாப்பாடு இல்லையென்றால் மாதவிடாய் நின்றுபோகும். ஈஸ்ட்ரோஜன் குறையும். எலும்பு பலவீனமாகும். பாத எலும்பில் மெல்லிய விரிசல் விழும். உலகம் முழுக்க பாலே ஆடும் பெண் பிள்ளைகளிடம் பார்க்கப்படும் பிரச்சினை இது.

பாலேவுக்கு மட்டும் இல்லைங்க. உங்க பொண்ணு பரதம் ஆடுறாளா, தடகளம் ஓடுறாளா, கபடி விளையாடுறாளா? வழக்கமா வந்துகொண்டிருந்த மாதவிடாய் மூணு மாசம் வரலைன்னா, "பயிற்சி அதிகம், அதான்"னு விட்டுடாதீங்க. டாக்டரிடம் காட்டுங்கள். ஒரே இடத்தில் எலும்பு வலி தொடர்ந்து இருந்தாலும் அப்படித்தான். வயிறு நிறையச் சாப்பிடும் பிள்ளைதான் நீண்ட நாள் ஆடும்.

பாலே பார்க்கணும்னு ஆசை வந்திருந்தா எங்கே ஆரம்பிக்கலாம்?

யூடியூப்பில் "டயானா அண்ட் ஆக்டியான்" என்று தேடுங்கள். 1935இல் வகானோவா அமைத்த ஜோடி ஆட்டம். ஏழெட்டு நிமிஷம்கூட இருக்காது. இன்றும் உலகப் போட்டிகளில் இளம் ஜோடிகள் விரும்பி எடுப்பது இதைத்தான். அதில் குதிக்கும்போது அந்தப் பெண்ணின் முதுகையும் கையையும் பாருங்கள். நான் மேலே சொன்னது புரியும்.

பிறகு வகானோவா அகாடமியின் தேர்வு வகுப்பு வீடியோ ஒன்றைப் பாருங்கள். மேக்கப் இல்லை, மேடை இல்லை. ஒரு பியானோ, ஒரு கம்பி, வரிசையாகப் பிள்ளைகள். எல்லோரும் அந்தப் பிள்ளைகளைத்தான் பார்ப்பார்கள். நீங்க அந்த ஓரத்தில் இருக்கும் டீச்சரையும் கொஞ்சம் பாருங்க.

உங்களுக்குப் பிடித்த ஆட்டக்காரர் யாரென்று கீழே சொல்லுங்கள். ஸ்வான் லேக் கதையை அடுத்த இழையில் எழுதுறேன்.