பெரியமடுவிலிருந்து தலைமன்னார் வரை: மன்னாரில் பறவை பார்க்கச் செல்வோருக்கு

சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் குளிர் தொடங்கியதும் அங்கிருந்து புறப்படும் பறவைகள் இந்தியாவைக் கடந்து மன்னாரில் வந்து இறங்குகின்றன. சுமார் 30 நாடுகளுக்கு மேலாகச் செல்லும் மத்திய ஆசியப் பறப்புப் பாதையின் தென்கோடியில் இலங்கை இருக்கிறது. அதற்கு அப்பால் இந்து சமுத்திரம்தான். மன்னாரில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜிபிஎஸ் கருவி பொருத்திவிட்ட கடற்காகம் ஒன்று ரஷ்யாவின் ஆர்க்டிக் பகுதிவரை பறந்து, மறுபடியும் மன்னாருக்கே திரும்பியது.

போர்க்காலத்தில் இந்தப் பறவைகளைப் பார்க்க வெளியாட்கள் வர முடியவில்லை. 1990இல் தகர்க்கப்பட்ட மன்னார்ப் பாலத்துக்குப் பதிலாகப் புதிய பாலம் 2010இல் திறக்கப்பட்டது. தலைமன்னாருக்கான ரயில் சேவை 2015இல் மீண்டது. இப்போது நவம்பர் முதல் மார்ச் வரை சிறு குழுக்கள் வழிகாட்டியுடன் வருவதைக் காணலாம்.

எங்கே, என்ன பார்க்கலாம்?

பெரியமடு: மாந்தை மேற்குப் பிரதேச செயலகப் பிரிவில், ஏ32 வீதியின் பள்ளமடுப் பக்கமிருந்து உள்ளே செல்ல வேண்டிய ஊர். குளம், வயல், உலர்வலயக் காடு மூன்றும் அடுத்தடுத்து இருப்பதால் நீர்ப்பறவைகளையும் காட்டுப் பறவைகளையும் ஒரே காலையில் பார்க்கலாம். மயில், காட்டுக்கோழி, மரங்கொத்தி, இருவாச்சி ஆகியவை காட்டோரத்துக்கு உரியவை. மடுப் பக்கக் காடுகளில் யானை, மான், கரடி உண்டு.

கட்டுக்கரைக்குளம்: அருவி ஆற்றிலிருந்து தேக்கம் அணைக்கட்டின் வழியே நீர் பெறும் பழைய குளம். மன்னார்ப் பெருநிலப்பரப்பின் நெற்செய்கை இதை நம்பியிருக்கிறது. 1954இலேயே சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தாமரைக்கோழி, தாழைக்கோழி, கூழைக்கடா, நாரை வகைகள், நீலச்சிறகி வாத்து ஆகியவற்றைக் குளக்கட்டிலிருந்தே காணலாம்.

வங்காலை: 2008இல் சரணாலயமாகவும், 2010இல் இலங்கையின் நான்காவது ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட 4,839 ஹெக்டேயர் பரப்பு. உவர்நீர்ச் சேற்றுநிலமும் ஆழம் குறைந்த கடலும் கலந்த இடம் என்பதால் பருவகாலத்தில் 20,000க்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் இங்கே தங்குகின்றன. பூநாரை, ஊசிவால் வாத்து, நாமத்தலை வாத்து, மூக்கன், கோட்டான் என்பன முக்கியமானவை. ஏ14 வீதியில் நின்றே பார்க்கலாம். வாகனங்கள் வேகமாகச் செல்லும் வீதி என்பதால் வாகனத்தை நன்றாக ஒதுக்கி நிறுத்த வேண்டும்.

விடத்தல்தீவு: 2016இல் இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. கண்டல் காடும் கடற்புற்படுக்கையும் சேர்ந்த இக்கரையில் மீனும் இறாலும் குஞ்சு பொரித்து வளர்கின்றன. மீனவரின் வாழ்வும் பறவையின் இரையும் இதே சேற்றில்தான்.

தலைமன்னார்: நண்டுதின்னி உள்ளான், சிப்பிபிடிப்பான், ஆலா, கடற்காகம் ஆகியவற்றுக்குரிய கரை. அப்பால் உள்ள மணல்திட்டுகள் 2015இல் அறிவிக்கப்பட்ட ஆதாம் பாலம் தேசியப் பூங்காவுக்குள் அடங்குகின்றன. அங்கே ஆலாக்கள் கூடு கட்டுவதால் அனுமதியின்றி எவரும் இறங்கக் கூடாது.

குழுவாகச் செல்லும்போது

ஆறு பேர் போதும். பத்துப் பேர் ஒன்றாக இறங்கினால் பறவை எழுந்துவிடும். ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து வந்த பறவைக்கு மேய்வதும் ஓய்வதும்தான் திரும்பிப் போவதற்கான பலம். ஒரு படத்துக்காகக் கூட்டத்தைக் கலைத்தால் அந்தப் பலம் வீணாகிறது. விடியலில் தொடங்கி ஒன்பது மணிக்குள் முடிப்பதும், மாலை நான்குக்குப் பின் மறுபடி செல்வதும் நல்லது. மங்கிய நிற உடை, இருகண் தொலைநோக்கி, தண்ணீர், தொப்பி ஆகியவை அவசியம். காட்டோர வீதிகளில் யானை நடமாட்டம் இருப்பதால் இருட்டுமுன் திரும்பிவிட வேண்டும்.

இன்னொன்று நம் மண்ணுக்கே உரியது. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் மட்டுமல்ல, ஊர்மக்கள் நடக்காத எந்தப் பற்றைக்குள்ளும் பறவையைத் தேடி இறங்கக் கூடாது. சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி, பொலிஸாருக்கு அறிவிக்க வேண்டும்.

காட்டுக்குள் இருக்கும் ஊர்கள்

வழிகாட்டி ‘அடர்ந்த காடு’ என்று காட்டும் இடம் சில வேளைகளில் ஒருவரின் பழைய வயல். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது மன்னாரின் பல ஊர்கள் வெறுமையாகின. 2008இல் படை நகர்வோடு மாந்தை மேற்குத் தமிழர்களும் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரை சென்றார்கள். ஆளில்லாத நிலத்தில் பற்றை வளர்ந்தது, பற்றை காடானது. மக்கள் திரும்பியபோது காடும் எல்லைக் கல்லும் எதிரே நின்றன. முசலியில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதிகளை உள்ளடக்கி 2012இலும் 2017இலும் வந்த வர்த்தமானி அறிவித்தல்கள் இன்றுவரை தீராத பிணக்காக இருக்கின்றன. மடு வீதிச் சரணாலயம் 2015இல் தேசியப் பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்டது.

அதே சமயம், பாதுகாக்கப்பட்டது என்று அறிவித்த நிலத்தையே அரசு விடுவிக்க முயல்வதும் உண்டு. விடத்தல்தீவு ஒதுக்கிடத்தின் ஒரு பகுதியை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காக விடுவிக்கும் அறிவித்தல் 2024இல் வந்தது. சூழலியல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் சென்று இடைக்காலத் தடை பெற்றன. மன்னார்த் தீவில் 2020இல் 30 காற்றாலைகளுடன் ‘தம்பபவனி’ இயங்கத் தொடங்கியது. அதானி குழுமத்தின் புதிய காற்றாலைத் திட்டம் பறவைகளின் பாதையில் அமைகிறது என்று வழக்குகள் தொடரப்பட்டன. 2025 பெப்ரவரியில் அக்குழுமம் விலகிக்கொண்டது. ஆயினும் வேறு காற்றாலைத் திட்டங்களுக்கு எதிராக அதே ஆண்டு ஓகஸ்டில் மன்னார் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். வெள்ளம் வடியும் வழி, மீன்பிடி, காணி ஆகியவையே அவர்களது கவலை.

மீள்குடியேறிய விவசாயிக்கு ஓர் அளவு, முதலீட்டாளருக்கு வேறோர் அளவு என்று இருக்கும்வரை ‘பாதுகாப்பு’ என்ற சொல்லை ஊர்மக்கள் நம்பப்போவதில்லை. அவர்கள் நம்பாத சரணாலயம் நிலைக்காது.

பயணம் யாருக்குப் பயன்பட வேண்டும்?

கொழும்பிலிருந்து வாகனம், வழிகாட்டி, சாப்பாடு எல்லாவற்றையும் கொண்டுவந்து திரும்பும் பயணத்தால் ஊருக்கு மிஞ்சுவது தூசிதான். மன்னாரில் வழிகாட்டி, ஊரில் ஓட்டோ, ஊர்ச் சாப்பாட்டுக்கடை என்று பணம் இங்கேயே இறங்கினால், பறவை வாழ்வதால் தமக்கும் நன்மை என்று ஓர் இளைஞன் எண்ண இடமுண்டு. எந்தக் குளத்தில் எந்த மாதம் எந்தப் பறவை இறங்கும் என்பதை அங்கே வலை வீசுபவரும் மாடு மேய்ப்பவரும் நன்றாக அறிவார்கள். அவர்களிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். வயல்வரப்பில் ஏறுமுன் உரியவரிடம் அனுமதி கேளுங்கள். பல ஆண்டுகள் அகதி முகாமில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து அவர் திருத்திய வரப்பு அது.