இடது கையால் ஷூ தைத்தவர்

மாடு காணாமப் போனா எங்க பக்கம் அடையாளம் சொல்லித்தான் தேடுவாங்க. மயிலைக் காளை, ஒரு கொம்பு முன்னாடி சாஞ்சிருக்கும், தொடையில சூடு போட்ட தழும்பு... கேட்டவுடனே மாடு கண்ணுல வந்து நிக்கணும். அமெரிக்கா பிரிட்டிஷ் காலனியாக இருந்தபோது, ஓடிப்போன மனுஷனையும் இப்படித்தான் தேடியிருக்கிறார்கள். செய்தித்தாளில் காசு கொடுத்து விளம்பரம் போட்டு.

1769 செப்டம்பரில் ‘வர்ஜீனியா கெஜட்’டில் வந்த ஒன்றைச் சொல்கிறேன். ஓடிப்போன அடிமையின் பெயர் சாண்டி. வயது 35 இருக்கும், வெளிர் நிறம், கொஞ்சம் பூசின உடம்பு. ஷூ தைப்பது தொழில், அதையும் பெரும்பாலும் இடது கையால்தான் செய்வார். சுமாரான தச்சு வேலை தெரியும். குதிரைப் பந்தயத்திலும் பழக்கம் உண்டு. குடிப்பார், குடித்தால் அடங்க மாட்டார், பேச்சுக்குப் பேச்சு கெட்ட வார்த்தை வரும். போகும்போது ஒரு வெள்ளைக் குதிரையையும் ஓட்டிப் போய்விட்டார். வார் உரசி உரசித் தழும்பேறின குதிரை என்று அதுக்கும் அடையாளம் கொடுத்திருக்கிறது. ஆளுக்கும் குதிரைக்கும் ஒரே பத்தி!

அந்தக் கவுண்டிக்குள்ளேயே பிடித்துக் கொடுத்தால் 40 ஷில்லிங், அதாவது 2 பவுண்டு. வர்ஜீனியாவில் வேறெங்காவது என்றால் 4 பவுண்டு. வேறு காலனியில் என்றால் 10 பவுண்டு. விளம்பரம் கொடுத்தவர் தாமஸ் ஜெபர்சன், அப்போது வயது 26. ஏழு வருஷம் கழித்து, மனிதர் எல்லாரும் சமம் என்று சுதந்திரப் பிரகடனத்தில் எழுதினாரே, அவரேதான்.

முதலாளி இந்த ஒரு இடத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லியாகணும். இல்லேன்னா ஆள் கிடைக்காது. பண்ணைக் கணக்கில் ஒரு பேராகவும் விலையாகவும் இருந்தவரின் கைத்தொழில், ஓடின பிறகு ஊரறிய அச்சில் வருகிறது. சாண்டி தன் ஷூ தைக்கிற கருவிகளையும் எடுத்துப் போயிருக்கிறார், அதை வைத்து எங்காவது பிழைக்கப் பார்ப்பார் என்று ஜெபர்சனே எழுதுகிறார். கருவிப் பையோடு கிளம்பினவரைக் குடிவெறியில் ஓடினவர் என்று நான் நம்பமாட்டேன்.

ஓடின காரணத்தை மட்டும் முதலாளிகள் எழுத மாட்டார்கள். 1761 ஆகஸ்டில் ஜார்ஜ் வாஷிங்டன் தன் டோக் ரன் பண்ணையிலிருந்து போன நாலு பேரைத் தேடி ‘மேரிலாண்ட் கெஜட்’டில் விளம்பரம் கொடுத்தார். அதில் இரண்டு பேர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கப்பலில் வாங்கப்பட்டு இரண்டே வருஷம்தான் ஆகியிருந்தது. யாரோடும் சண்டை இல்லை, கண்காணி கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை, சந்தேகப்படும்படி எதுவும் இல்லை, ஆனாலும் போய்விட்டார்கள் என்கிறார். கூலி கிடையாது, விலைக்கு வாங்கின ஆள், கடல் தாண்டி வீடு. இதுக்கு மேல என்ன காரணம் வேணுமாம்?

அச்சகக்காரர்களுக்கும் இதில் நல்ல வரும்படி. பெஞ்சமின் பிராங்க்ளின் 17 வயசில், பாஸ்டனில் அண்ணனின் அச்சகத்தில் தொழில் பழகிக்கொண்டிருந்தவர், ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே பிலடெல்பியாவுக்கு ஓடினார். அது 1723. அண்ணன் வேறு பையன் வேண்டும் என்று விளம்பரம் போட்டுக்கொண்டார். 1729-ல் ‘பென்சில்வேனியா கெஜட்’ பிராங்க்ளின் கைக்கு வந்தது. ஓடிப்போன வேலைக்காரர்களையும் அடிமைகளையும் தேடும் விளம்பரங்களை அவரும் காசு வாங்கிப் போட்டார்.

சாண்டி பிடிபட்டார். 1773-ல் ஜெபர்சன் அவரை 100 பவுண்டுக்கு விற்றுவிட்டார்.